வாழ்வும் வசதியும்: உப்புக் குளத்தில் குளோரின் இல்லையா?



சென்ற மாதம் இப்பகுதியில் குடிநீர்த் தொட்டியைத் துப்புரவு செய்யும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த சகோதரி ஒருவர், "அண்ணா, வீட்டுத் தொட்டியைப் பற்றி எழுதினீர்கள், நன்று. எங்கள் குழந்தைகள் நாள்தோறும் குதித்து விளையாடும் நீச்சல் குளத்தைப் பற்றியும் எழுதலாகாதா? அது உப்புநீர்க் குளம், அதில் குளோரினே கிடையாது என்று வீடு விற்றவர்கள் சொன்னார்கள். அப்படியானால் கிருமியை எது கொல்லுகிறது?" எனக் கேட்டிருந்தார்.

கேள்வி கூர்மையானது. நாம் இரசாயனம் முறையாகக் கற்றதில்லை. சரக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறோம். ஆயினும் இக்கேள்விக்கு விடை சொல்லும் அறிவு நமக்கு ஒரு விபத்தின் வாயிலாக வாய்த்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை.

நம்மில் பலர் ஊர்க் கிணற்றிலும் வாய்க்காலிலும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீந்தக் கற்றவர்கள். வாய்க்கால் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. கிணற்று நீர் இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருந்தது. பிழைப்பை நாடி வந்த இவ்விடத்திலோ, நம் குழந்தைகள் நீந்துவது அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில். அங்கே உள்ள நீர் மாதக்கணக்கில் அதே நீர். நூறு பேர் குளித்த நீரிலேதான் நூற்றோராவது குழந்தையும் இறங்குகிறது. ஆகையால் அந்நீரைக் காப்பது குளோரின் ஒன்றே.

நடந்தது என்ன?

2024-ஆம் ஆண்டு ஜூலை மாதம். மும்பைப் புறநகரில் நாம் வசிக்கும் குடியிருப்பில் மூன்று நாள் விடாமழை. குளம் நிரம்பி வழிந்தது. மழை ஓய்ந்த பின் பார்த்தால் நீர் இளம்பச்சையாக இருந்தது. காரியதரிசியின் உத்தரவின் பேரில், குளத்தைப் பராமரிக்கும் இளைஞர் மூன்று மாலைகளில் மொத்தம் பத்துக் கிலோ பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றினார். நீர் தெளிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தைகள் ஆவலோடு இறங்கினார்கள்.

அரை மணி நேரத்தில் ஐந்தாறு குழந்தைகள் கண் சிவந்து அழுதுகொண்டே வீடு திரும்பினார்கள். ஒரு சிறுவனுக்கு மாலை வரையில் இருமல் நிற்கவில்லை. நம் மகளும் அவர்களுள் ஒருத்தி. அவளுடைய கருநீல நீச்சலுடை ஆங்காங்கே சாம்பல் நிறமாக வெளுத்துவிட்டது. வைத்தியர் கண்களைக் கழுவி, நிலையான கேடு இல்லை என்று சொன்ன பிறகே நமக்கு மூச்சு வந்தது.

அன்று மாலையே கமிட்டி கூடியது. "குளத்து ஆளின் அஜாக்கிரதையே காரணம், நாளை முதல் அவருக்கு வேலை இல்லை" என்று தீர்மானம் எழுதினார்கள். அத்தீர்மானத்தில் நம் கையொப்பமும் இருந்தது. பெற்ற மகளின் கண்ணைக் கண்ட சினத்தில், விசாரிக்காமலே கையொப்பமிட்டோம்.

ஆனால் வைத்தியர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "நீரில் என்ன போட்டார்கள்? எவ்வளவு போட்டார்கள்?" அதைத் தெரிந்துகொள்ளவே அன்றிரவு பம்பு அறைக்குச் சென்றோம். இளைஞர் தம் துணிமணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வட பீகாரிலிருந்து வந்தவர். வயது இருபத்திரண்டு இருக்கும்.

"சோதனைக் குழாயில் நிறமே வரவில்லை, பாபுஜி. நிறம் வராவிட்டால் மருந்து குறைவு என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அதனால்தான் மேலும் மேலும் போட்டேன்" என்றார் இந்தியில்.

எங்கள் எதிரிலேயே சோதித்துக் காட்டினார். குழாயில் குளத்து நீரை எடுத்து மருந்தைப் போட்டதும், ஒரு கணம் இளஞ்சிவப்பு மின்னி உடனே மறைந்துவிட்டது. நீர் நிறமற்று நின்றது. அவர் சொன்னது உண்மை.

குடிநீர்ச் சோதனைச் சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் சங்கத்தில் இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்தோம். நாம் சொன்னதைக் கேட்ட அவர், "அந்த ஒரு கண மின்னலில்தான் விஷயம் இருக்கிறது, தம்பி. குளத்து நீர் ஒரு பங்கு, கடையில் வாங்கிய புட்டி நீர் ஒன்பது பங்கு கலந்து மறுபடி சோதித்துப் பாருங்கள்" என்றார். அவ்வாறே செய்தோம். இம்முறை நிறம் மறையவில்லை. அட்டையில் 2 என்ற கட்டத்தோடு பொருந்தி நின்றது. பத்து மடங்கு நீர்த்த நீரில் 2 என்றால், குளத்தில் 20! குழந்தைகள் இறங்கத்தக்க அளவின் மேல் எல்லை 10 என்று வைத்துக்கொண்டாலும், இது இரு மடங்கு.

டி.பி.டி. என்னும் இச்சோதனை மருந்து குளோரினைக் கண்டால் இளஞ்சிவப்பாகும். குளோரின் மிகவும் மிகுந்துவிட்டாலோ, அந்நிறத்தையே குளோரின் வெளுத்துவிடும். இல்லாமையும் மிகுதியும் ஒரே தோற்றம் காட்டுகின்றன. இதை அவ்விளைஞருக்கு எவரும் சொல்லவில்லை. நமக்கும் தெரியாது. கமிட்டியில் எவருக்கும் தெரியாது.

அடுத்து இயந்திரத்தைப் பார்த்தோம். அதில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கின் கீழே ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள்: 'லோ சால்ட்'. உப்புக் குறைந்ததால் இயந்திரம் தானே நின்றுவிட்டது என்பது பொருள். இளைஞருக்கு இந்தி படிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. இயந்திரத்தோடு வந்த கைப்புத்தகம் கமிட்டி அலமாரியில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமலே கிடந்தது.

மறுநாட் காலையில் காரியதரிசியிடம் சென்று, தீர்மானத்திலிருந்து நம் கையொப்பத்தைத் திரும்பப் பெற விரும்புவதாக எழுதிக் கொடுத்தோம்.

உப்பே குளோரினாகிறது

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். உப்புநீர்க் குளத்தில் குளோரின் இல்லை என்பது தவறு. உப்பே அங்குக் குளோரினாக மாறுகிறது.

நாம் உண்ணும் உப்பு சோடியமும் குளோரினும் சேர்ந்தது. குளோரினை 1774-இல் சுவீடன் தேசத்து ஷீல் முதன்முதல் பிரித்தெடுத்தார். அது ஒரு தனிமம் என்று 1810-இல் நிலைநாட்டிப் பெயரிட்டவர் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி. வெளிர்பச்சை எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது.

உப்புக் குளத்தின் குழாயில் ஒரு மின்கலம் பொருத்தப்பட்டிருக்கும். அதனுள்ளே டைட்டேனியத் தகடுகள். அவற்றின் மேல் ருத்தேனியம், இரிடியம் போன்ற அரிய உலோகங்களின் ஆக்சைடுப் பூச்சு. பம்பு ஓடும்போது உப்பு நீர் தகடுகளின் இடையே பாய்கிறது. மின்சாரம் செல்லவே, ஒரு தகட்டில் குளோரின் தோன்றி நீரில் கரைந்து ஹைப்போகுளோரஸ் அமிலமாகிறது; மற்றொரு தகட்டில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுகின்றன. கிருமியைக் கொல்லுவது அந்த ஹைப்போகுளோரஸ் அமிலமே. தன் வேலை முடிந்ததும் குளோரின் மீண்டும் உப்பின் பகுதியாகிவிடுகிறது. ஆகவே உப்பு செலவாவதில்லை. வழிந்தோடும் நீரிலும், வடிகட்டியைக் கழுவிவிடும் நீரிலும், குளிப்போர் உடம்போடு கொண்டுபோகும் நீரிலுமே உப்பு குறைகிறது.

இவ்வுப்பு மிகச் சொற்பம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. நம் கண்ணீரில் சுமார் 9 கிராம். உப்புக் குளத்தில் 3 கிராமுக்குச் சற்று மேல். கண்ணுக்கு இதமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் குளோரின் 20-ஐத் தொட்டால் இதம் ஏது? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது வீணல்ல.

எளிய கணக்கு

குளத்தின் நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்குக. எங்கள் குளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 1.25 மீட்டர் ஆழம். பெருக்கினால் 120 கன மீட்டர், அதாவது 1,20,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் என்பதே பத்து லட்சத்தில் ஒரு பங்கு, இதைத்தான் பி.பி.எம். என்கிறார்கள். ஆகையால் எங்கள் குளத்தில் குளோரினை 1 பி.பி.எம். உயர்த்த 120 கிராம் வேண்டும். வெயிலிலும் குளிப்போராலும் நாளொன்றுக்கு 3 பி.பி.எம். செலவானால், 360 கிராம் தேவை. மணிக்கு 60 கிராம் உண்டாக்கும் இயந்திரம் ஆறு மணி நேரம் முழு அளவில் ஓடவேண்டும். பம்பை மின்சாரச் சிக்கனத்துக்காக மூன்று மணியோடு நிறுத்தினால் பாதிக் குளோரின்தான் கிடைக்கும். கமிட்டிகள் இதை மறக்கலாகாது.

உப்புக் கணக்கும் இவ்வாறே. எங்கள் இயந்திரத்தின் கைப்புத்தகம் 2,700 முதல் 3,400 பி.பி.எம். வரை உப்பு வேண்டும் என்கிறது. மழைக்குப் பின் அளந்தபோது இருந்தது 2,500. அதை 3,200-க்கு உயர்த்த 700 பி.பி.எம். தேவை, 700-ஐ 120-ஆல் பெருக்க 84,000 கிராம், அதாவது 84 கிலோ. அயோடின் கலவாத, சுத்தமான உப்பாக வாங்கிப் போட்டோம். போட்டவுடனே இயந்திரத்தை ஓட்டாமல், பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டி முழுவதும் கரைந்த பின்னரே மின்கலத்தை இயக்கினோம்.

ஏமாற்றும் நான்கு

முதலாவது, மழை. 1.25 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 30 சென்டிமீட்டர் மழை பெய்து வழிந்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உப்பு வெளியேறிவிடும். குளம் ததும்பி நிற்பதைக் கண்டு மகிழ்கிறோம். உள்ளே உப்பு போய்விட்டது, இயந்திரம் நின்றுவிட்டது. பெருமழைக்குப் பின் முதல் வேலை உப்பை அளப்பதே.

இரண்டாவது, வெயில். நேரடி வெயில் குளோரினை வெகு விரைவில் அழித்துவிடும்; காலையில் சரியாக இருந்த அளவு நண்பகலுக்குள் காணாமற்போகும். இதைத் தடுக்கச் சையனூரிக் அமிலம் சேர்ப்பர். கடைக்காரர்கள் ஸ்டெபிலைசர் என்பார்கள். இது குளோரினுக்குக் குடை பிடிப்பது போன்றது. ஆயினும் குடை பெரிதாகிவிட்டால் குளோரின் வேலை செய்யாது. கிருமி சாவது தாமதமாகும். ஆகவே ஸ்டெபிலைசர் உள்ள குளத்தில் குளோரின் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். அமெரிக்க நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பொதுவாகக் குறைந்தது 1 பி.பி.எம். என்றும், ஸ்டெபிலைசர் சேர்த்த குளத்தில் குறைந்தது 2 பி.பி.எம். என்றும் அறிவுறுத்துகிறது. சில குளோரின் மாத்திரைகளிலேயே இச்சரக்கு கலந்திருக்கும். உப்பு இயந்திரத்தோடு அவற்றையும் ஓயாது போட்டு வந்தால், ஸ்டெபிலைசர் ஏறிக்கொண்டே போகும். அதைக் குறைக்க நீரை மாற்றுவதே நடைமுறை வழி.

மூன்றாவது, பி.எச். என்னும் அமில கார நிலை. உப்புக் குளத்தில் இது தானே ஏறும் இயல்புடையது. ஹைட்ரஜன் குமிழிகள் நீரைக் கலக்கிக் கரிவாயுவை வெளியேற்றுவதே முக்கிய காரணம். பி.எச். 7.5 இருக்கும்போது குளோரினில் ஏறக்குறையப் பாதி வீரியமுள்ள வடிவில் இருக்கும்; 8-க்கு ஏறினால் கால் பங்குக்கு இறங்கிவிடும். சோதனை அட்டையில் குளோரின் நிறைய இருப்பதாகத் தெரியும். ஆனால் அது வேலை செய்யாது. 7.2 முதல் 7.8 வரை வைத்துக்கொள்வது நலம். பி.எச். ஏறினால் மின்கலத் தகடுகளில் சுண்ணாம்பும் படியும். பிளீச்சிங் பவுடரில் சுண்ணாம்பு இருப்பதால், உப்புக் குளத்துக்கு அவசரத் தேவைக்குத் திரவக் குளோரினே ஏற்றது. பத்துச் சதவீதத் திரவம் ஒரு லிட்டரில் சுமார் 100 கிராம் குளோரின் உண்டு. அது வெயிலில் வலுவிழக்கும். புதிதாக வாங்கி நிழலில் வைக்கவேண்டும்.

நான்காவது, மணம். "குளோரின் நெடி அடிக்கிறது, மிகுதியாகப் போட்டுவிட்டார்கள்" என்று சொல்லுவது வழக்கம். பெரும்பாலும் உண்மை இதற்கு மாறானது. வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து குளோரமின் என்னும் பொருள்கள் உண்டாகின்றன. மூக்கை அறுக்கும் நெடியும் கண்ணெரிச்சலும் பெரும்பாலும் அவற்றால் வருவன. சுத்தமான குளோரின் போதிய அளவு இருக்கும் குளத்தில் நெடி சொற்பமே. இறங்குமுன் ஒவ்வொருவரும் சோப்புத் தேய்த்துக் குளிப்பதும், சிறு குழந்தைகளை மணிக்கொரு முறை கழிப்பிடத்துக்கு அழைத்துச் செல்லுவதும் பாதிக் கஷ்டத்தைத் தீர்த்துவிடும். இது தாய்மார்கள் கையில் உள்ளது.

சோதனைப் பெட்டி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. மஞ்சள் நிறம் காட்டும் பெட்டி, உழைக்கும் குளோரினையும் உழைத்து ஓய்ந்த குளோரமினையும் சேர்த்தே காட்டும். இளஞ்சிவப்புக் காட்டும் டி.பி.டி. பெட்டியே வாங்குக, நிறம் மின்னி மறைந்தால் நீர்த்துப் பார்க்க மறவாதீர்.

குளோரினும் காலம் கேட்கும்

குளோரின் பட்டவுடனே எல்லாக் கிருமிகளும் மாண்டுவிடும் என்பதும் தவறு. 1 பி.பி.எம். குளோரினில், பி.எச். 7.5-இல், சாதாரண ஈ. கோலி ஒரு நிமிஷத்துக்குள் மடியும். மஞ்சள் காமாலை விளைக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமிக்குச் சுமார் 16 நிமிஷம். வயிற்றுக்கடுப்புத் தரும் ஜியார்டியாவுக்குச் சுமார் 45 நிமிஷம். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் கிருமியோ பத்து நாளுக்கு மேல் உயிர் தாங்கும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்குவது மற்றெல்லாக் குழந்தைகளுக்கும் இழைக்கும் தீங்கு. "ஒரு நாள்தானே, பாவம் ஆசைப்படுகிறான்" என்று இரங்கலாகாது. பேதி நின்ற பின்னும் சில நாள் பொறுப்பதே நலம். அது கிரிப்டோஸ்போரிடியத்தால் வந்ததென்று வைத்தியர் சொன்னால் இரண்டு வாரம் பொறுக்கவேண்டும்.

கருவி பெரிதாயிருந்தால் கவலையில்லை என்றும் எண்ணவேண்டாம். 2016-இல் ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக் போட்டியில் நீர்க்குதிப்புக் குளம் எல்லோரும் பார்த்திருக்கப் பச்சையாகிவிட்டது. 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றப்பட்டதால் குளோரின் செயலிழந்தது என்று அமைப்பாளர்களே பின்னர் விளக்கினார்கள். உலகமே கூடும் இடத்தில் அப்படியென்றால், நம் குடியிருப்பு எம்மாத்திரம்?

ஓர் எச்சரிக்கை

அன்றிரவு பம்பு அறையில் நம்மை நடுங்கச் செய்த காட்சி வேறொன்று. பி.எச்.சைக் குறைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலமும் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் ஒட்டினாற்போல் இருந்தன. இரண்டுக்கும் ஒரே வாளி. அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் குளோரின் வாயு குபீரெனக் கிளம்பும். மூடிய அறையில் அது ஆளையே கொல்லும். குழந்தைகளின் கண்ணெரிச்சலோடு போனது. அந்த இளைஞரின் உயிர் போயிருந்தால் நாம் எந்தத் தீர்மானத்தில் கையொப்பமிட்டிருப்போம்?

ஆகவே, அமிலம் ஓர் இடம், குளோரின் மற்றோர் இடம், வெவ்வேறு வாளி, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அமிலத்தை நீரில் ஊற்றவேண்டுமேயன்றி நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. ஒருவகைக் குளோரின் சரக்கை மற்றொரு வகையோடு உலர்ந்த நிலையிலும் கலக்கலாகாது, தீப்பற்றும்.

செய்யவேண்டியவை

நாள்தோறும் காலை மாலை இரு வேளையும் குளோரினும் பி.எச்.சும் அளக்க, விளக்கைப் பார்க்க, ஏட்டில் எழுதுக. வாரம் ஒரு முறை வடிகட்டியைக் கழுவுக. மாதம் ஒரு முறையும் பெருமழைக்குப் பின்னும் உப்பையும் ஸ்டெபிலைசரையும் அளக்க. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மின்கலத்தைக் கழற்றிப் பார்க்க. சுண்ணாம்பு படிந்திருந்தால் மட்டும், நாலு பங்கு நீரில் ஒரு பங்கு அமிலம் சேர்த்துக் கழுவுக. அடிக்கடி கழுவினால் பூச்சுத் தேயும். குளோரின் 10-ஐத் தாண்டினால் குளத்தைப் பூட்டி, இயந்திரத்தை நிறுத்தி, வெயிலுக்கு விட்டுக் காத்திருக்க. எங்கள் குளம் 4-க்கு இறங்க ஆறு நாள் பிடித்தது.

நிற்க. தீர்மானம் என்ன ஆயிற்று என்று அன்பர்கள் கேட்பீர்கள். நீர்த்த நீரின் சோதனையைக் கமிட்டியார் எதிரில் செய்து காட்டினோம். வாதம் நீண்டது, இரண்டு அங்கத்தினர்கள் இறுதிவரை உடன்படவில்லை. ஆயினும் தீர்மானம் ரத்தாயிற்று. இயந்திரத்தின் ஒவ்வொரு விளக்கின் கீழும் இந்தியில் பொருள் எழுதிய சீட்டுகள் ஒட்டப்பட்டன. எழுதியவள் நம் மகள். பள்ளியில் இந்தி படிப்பவள் அவள்தானே! பம்பு அறையில் ஓர் ஏடு தொங்குகிறது. தேதி, வேளை, குளோரின், பி.எச்., கையொப்பம் என ஐந்து பத்திகள். இளைஞர் ஒரு வேளைகூடத் தவறவிடுவதில்லை. கமிட்டியில் ஒருவர் வாரந்தோறும் பார்த்துக் கையொப்பமிடவேண்டும் என்பது விதி. அவர்கள்தாம் சில வாரம் தவறவிடுகிறார்கள்.

சொந்த மண்ணை விட்டு வேற்று மொழி வழங்கும் ஊருக்கு வந்து, படிக்கத் தெரியாத பலகையின் முன் நாமும் ஒரு நாள் திகைத்து நின்றவர்களே. உங்கள் குடியிருப்பில் குளம் இருக்குமானால், இந்த ஞாயிற்றுக்கிழமை பம்பு அறைக்குச் சென்று மூன்று காரியம் பாருங்கள்: இயந்திரத்தின் எழுத்து அங்கு வேலை செய்பவருக்குப் புரிகிறதா? ஏடு இருக்கிறதா? அமிலமும் குளோரினும் தள்ளி இருக்கின்றனவா? பார்த்ததை நமக்கு எழுதுங்கள், பிறருக்கும் பயன்படும்.

அடுத்த மாதம் வேறொரு பொருளோடு சந்திப்போம்.